ஹாஸ்யமும் ஆபாசமும்: ‘பாய்ஸ்’, ‘களவாணி’ படங்களின் குணதோஷங்கள்

தமிழ்ப் படங்களில் ஒரு வகை உண்டு. நாலைந்து வாலிபர்கள் ஒன்று சேர்ந்திருப்பார்கள். ஒருவனுக்கு வேலை கிடையாது. மற்றொருவனுக்குப் படிப்பு ஓடாது. எவன் கையிலும் காசு தங்காது. பொழுது விடிந்தது முதல் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டும், பெண்களைப் பின்தொடர்ந்துகொண்டும், பெரியவர்களை ஏமாற்றிக்கொண்டும், இரட்டை அர்த்தம் பேசிக்கொண்டும் திரிவார்கள். முடிவில் அவர்களுடைய சிநேகமே அவர்களைக் கரையேற்றும். இத்தகைய படம் ஒன்று வெளிவரும்போதெல்லாம் நாட்டில் இரண்டு கூக்குரல்கள் எழுவது வழக்கமாகிவிட்டது. “ஆபாசம்! தடை செய்க!” என்பது ஒரு கூக்குரல். “சிரிப்பதற்காக எடுத்த படம், சிரித்துவிட்டுப் போங்கள், தர்க்கம் எதற்கு?” என்பது மற்றொன்று.

இவ்விரண்டில் எதையும் நாம் ஏற்பதற்கில்லை. முதல் கட்சியார் படத்தைப் பாராமலே தீர்ப்புச் சொல்லுகிறார்கள். இரண்டாம் கட்சியார் பார்த்துவிட்டும் தீர்ப்புச் சொல்ல மறுக்கிறார்கள். குணம் நாடிக் குற்றமும் நாடி மிகையானதைத் தேர்ந்துகொள்ளும் வழக்கம் நமக்குப் புதியதன்று. அதைச் சினிமாவுக்கு மாத்திரம் விலக்கி வைப்பதற்கு நியாயம் என்ன? ஆகவே இவ்வகைப் படங்களுள் பெரிதும் பேசப்பட்ட இரண்டை எடுத்துக்கொண்டு அவற்றின் குணதோஷங்களை ஆராய விரும்புகிறோம். ஒன்று, 2003-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் வெளிவந்த ‘பாய்ஸ்’. மற்றொன்று, 2010-ஆம் வருஷம் ஜூன் மாதம் வெளிவந்த ‘களவாணி’. முன்னது சென்னைப் பட்டணத்து வாலிபர்களின் கதை. பின்னது நமது தஞ்சை ஜில்லாவின் வயல்வரப்பில் திரியும் வாலிபர்களின் கதை.

பூதலூரில் உட்கார்ந்துகொண்டு சினிமாவைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லுகிறோம். முற்காலத்தில் படம் பார்க்க வேண்டுமானால் மணலைக் குவித்து உட்காரும் டூரிங் கொட்டகை ஊருக்கு வர வேண்டும், அல்லது நாம் தஞ்சைக்கோ திருச்சிக்கோ வண்டி ஏற வேண்டும். இன்றோ வரப்பில் மாடு மேய்க்கும் பையனின் சட்டைப் பையிலேயே கொட்டகை இருக்கிறது. கல்லணையினின்று பிரிந்து பூதலூர், தஞ்சை, ஒரத்தநாடு வழியாகப் பட்டுக்கோட்டைச் சீமைக்குப் பாயும் கல்லணைக் கால்வாய் எந்த வயலையும் கேளாமல் ஒதுக்கிவிடும். சினிமா அப்படி எந்த வீட்டையும் ஒதுக்குவதில்லை. காலையில் நமது ரயிலடியில் தஞ்சைக்கும் திருச்சிக்கும் கல்லூரி செல்லும் பெண்கள் நிற்கிறார்கள். அதே இடத்தில் அவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலாமா, எப்படிச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு வாலிபர்களும் நிற்கிறார்கள். அந்த வார்த்தையை அவர்கள் எங்கே கற்றுக்கொள்ளுகிறார்கள் என்பது அலட்சியம் செய்யத்தக்க விஷயமன்று.

முதலில் ‘பாய்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். டைரக்டர் ஷங்கர், படமுதலாளி ஏ. எம். ரத்னம், சங்கீதம் ஏ. ஆர். ரஹ்மான், சம்பாஷணை சுஜாதா. சித்தார்த், பரத், நகுல், தமன், மணிகண்டன் ஆகிய ஐவரும் கதாநாயக வேஷத்துக்குப் புதியவர்கள். தமிழில் ஜெனிலியாவுக்கும் இதுவே முதற்படம். வயது வந்தும் அறிவு வராத ஐந்து சிநேகிதர்கள் பெண்களைத் தேடி அலைகிறார்கள். அவர்களில் முன்னா என்பவனுக்கும் ஹரிணி என்னும் பெண்ணுக்கும் காதல் உண்டாகிறது. பெற்றோர்கள் எதிர்க்கவே, சிநேகிதர்கள் துணையோடு விவாகம் நடக்கிறது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட அவ்வனைவரும் பட்டினி கிடந்து, வேலை தேடி, ஒரு பாட்டுக் கோஷ்டி அமைத்து, நடுவே தங்களில் ஒருவனைச் சாவுக்குப் பறிகொடுத்து, கடைசியில் பேர் எடுக்கிறார்கள். கதை இவ்வளவே.

இதன் குணங்கள் யாவை? முதலாவது, சிநேகத்தைப் பற்றி இப்படம் பொய் சொல்லவில்லை. சிநேகிதன் ஒருவனுக்காக மற்ற நால்வரும் வீட்டையும் வசதியையும் துறந்து தெருவில் நிற்கிறார்கள். அவ்வாறு நிற்கும்போது அவர்கள் வீரவசனம் பேசுவதில்லை. பசிக்கிறது என்றுதான் பேசுகிறார்கள். இரண்டாவது, உழைத்து ஒரு வேளைச் சோறு சம்பாதிப்பது என்றால் என்னவென்று தகப்பன் பணத்தில் வளர்ந்த பையன்கள் கற்றுக்கொள்ளும் பகுதி மிக நன்றாக அமைந்திருக்கிறது. அன்னவெறி கண்ணையன் என்ற வேஷத்தில் செந்தில் வரும் காட்சியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எந்தக் கோயிலில் எந்த நாளில் எந்த வேளையில் என்ன பிரசாதம் கிடைக்கும் என்ற விவரம் முழுவதையும் சேகரித்து வைத்துக்கொண்டு, விஷயஞானமே செல்வம் என்று அந்தப் பிச்சைக்காரன் உபதேசம் செய்கிறான். இதில் ஆபாசம் எள்ளளவும் இல்லை. ஆனால் கொட்டகை அதிரச் சிரிக்கிறது. சிரித்து முடித்தபின் பசியைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் ஒரு நினைப்பு மனத்தில் தங்குகிறது. உயர்ந்த ஹாஸ்யத்துக்கு இதைவிட வேறு லக்ஷணம் வேண்டியதில்லை. இக்காட்சியை எழுதிய பேனா ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த பேனா. கோயிற் பிரசாதத்தின் நேரமும் ருசியும் காவேரிக்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியவை அல்லவே!

இனிக் குற்றங்கள். படத்தின் முற்பகுதியில் பெண் என்பவள் மனுஷியாகவே வருவதில்லை. கண்ணுக்கு ஒரு பண்டமாகவே வருகிறாள். பஸ்ஸிலும் தெருவிலும் முகம் தெரியாத பெண்களிடம் அவ்வாலிபர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் படம் கண்டிப்பதில்லை, கண்சிமிட்டி ரஸிக்கிறது. பொருளுக்காகத் தன்னை விற்கும் நிலைக்கு வந்துவிட்ட ஒருத்தியை இவர்கள் வீட்டுக்கு அழைத்துவரும் காட்சி பெருத்த கண்டனத்துக்கு ஆளாயிற்று. அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் கண்டித்தவர்களிற் பலர் சொன்ன காரணம் வேறு, நாம் சொல்லும் காரணம் வேறு. இத்தகைய விஷயத்தைப் படத்தில் காட்டவே கூடாது என்றார்கள் அவர்கள். காட்டலாம், ஆனால் அவளும் ஒரு தாய் பெற்ற மகள் என்ற நினைவு அக்காட்சியில் இல்லை என்பதே நமது குறை. பையன்களுடைய பயமும் ஆசையும் நமக்குத் தெரிகின்றன; அவளுடைய வறுமை தெரியவில்லை. சிரிப்பு முழுவதும் ஒரு பக்கத்தினின்றே வருகிறது.

மற்றொரு குற்றம், தவறுக்கும் பிராயச்சித்தத்துக்கும் படம் போடும் கணக்கு. காதலை மெய்ப்பிப்பதற்காகச் சென்னையின் பெருஞ்சாலையில் ஒருவன் ஆடையின்றி ஓடுகிறான். அதைத் தியாகம் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம்! பின்னால் அவர்கள் படும் துன்பங்களைக் காட்டி, முன்னால் செய்த இழிசெயல்களையெல்லாம் வரவுசெலவு நேராக்கிவிடுகிறது படம். பட்டினி கிடந்தவன் மரியாதை கற்றுக்கொண்டுவிட்டான் என்று யார் சொன்னது? அவனால் அவமானப்பட்ட முகம் தெரியாத பெண்களிடம் அவன் ஒரு வார்த்தையேனும் வருந்திச் சொன்னதாகப் படத்தில் இல்லை.

‘ஆனந்த விகடன்’ பத்திரிகை இப்படத்துக்கு விமரிசனமாக ஒரே ஒரு சொல்லை அச்சிட்டது. “ச்சீ!” என்பதே அச்சொல். அந்நாளில் பலர் அதைக் கண்டு கைதட்டினர். நமக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. முகச்சுளிப்பு விமரிசனம் ஆகாது. எதைக் கண்டு சீ என்றார்கள்? பிள்ளைகள் காமத்தைப் பற்றிப் பேசியதையா? பேசாத பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள்? பெண்ணைப் பண்டமாக்கியதையா? அப்படியானால் அதைத் தனியே எடுத்துச் சொல்லியிருந்தால் பின்னால் படம் எடுப்பவர்களுக்கு வழி தெரிந்திருக்கும். ஒரே சொல்லால் குணத்தையும் குற்றத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டதால் படமெடுப்போர் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. தமிழில் ஏச்சு வாங்கிய அதே படம் ஆந்திர தேசத்தில் தெலுங்கில் நன்றாக ஓடிற்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இனி, நம் மண்ணின் படத்துக்கு வருவோம். ‘களவாணி’யை டைரக்ட் செய்தவர் சற்குணம். விமல், ஓவியா, சரண்யா, இளவரசு, கஞ்சா கருப்பு முதலியோர் நடித்தது. படத்தில் ஆபாசம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு, போக்கிரித்தனம் மிகுதி. அறிவழகன் என்று பெயர் வைத்த பிள்ளை அறிக்கி என்று அழைக்கப்படுகிறான். தகப்பன் வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்புகிறார்; பிள்ளை தாயை மிரட்டியும் கெஞ்சியும் அதை வாங்கிச் சிநேகிதர்களோடு குடித்துத் தீர்க்கிறான். பகை கொண்ட பக்கத்து ஊர்ப் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அந்தப் பெண்ணின் தமையனோ இவனுக்கு ஜன்ம விரோதி. சிநேகிதர்களின் தந்திரத்தால் காரியம் கைகூடுகிறது.

இப்படத்தின் பெருங்குணம் அதன் உண்மை. தஞ்சை ஜில்லா என்றால் கோயில் கோபுரமும் பட்டுப்புடைவையும் பரதநாட்டியமும் என்று காட்டிக்கொண்டிருந்த சினிமாவில் நாற்றங்காலும் களமும் வாய்க்கால் மதகும் கள்ளச் சிரிப்போடு வந்து நின்றன. பேச்சும் நம்முடைய பேச்சு. சரண்யா ஏற்ற தாய் வேஷத்தைப் பாருங்கள். ஆனியும் ஆடியும் கழிந்து ஆவணி பிறந்துவிட்டால் தன் பிள்ளை உச்சிக்கு வந்துவிடுவான் என்று ஜோசியன் சொன்னதை அவள் வேதவாக்காகப் பற்றிக்கொண்டிருக்கிறாள். வருஷா வருஷம் ஆனி போய் ஆடி வருகிறது, ஆவணியும் வருகிறது, பிள்ளை மாத்திரம் வரப்பிலேயே இருக்கிறான். மேட்டூரில் தண்ணீர் திறப்பார்கள், ஆடியில் ஆறு பெருகும், இவ்வருஷம் பிழைத்துவிடுவோம் என்று மாதங்களை எண்ணிக்கொண்டிருக்கும் நமது குடியானவனுடைய நம்பிக்கைக்கும் அந்தத் தாயின் நம்பிக்கைக்கும் வித்தியாசம் என்ன? நாம் அவளைக் கண்டு சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டே நம்மையும் கண்டுகொள்ளுகிறோம்.

பழந்தமிழில் இதற்கு இலக்கணமே உண்டு. நகை என்னும் மெய்ப்பாடு பிறப்பதற்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களை வகுத்திருக்கிறார். பிறரை இகழ்ந்தோ பிறரால் இகழப்பட்டோ உண்டாகும் நகைக்கு எள்ளல் என்று பெயர். பிள்ளைத்தன்மையால் உண்டாவது இளமை. அறியாமையால் உண்டாவது பேதைமை. ஒருவர் சொல்லியதைப் பற்றிக்கொண்டு விடாமல் நிற்பதனால் உண்டாவது மடன். ஜோசியன் வாக்கை நம்பும் தாய் மடனுக்கு எடுத்துக்காட்டு. ஐந்து பையன்களின் உளறல் இளமைக்கும் பேதைமைக்கும் எடுத்துக்காட்டு. இம்மூன்றிலும் சிரிக்கப்படுகிறவனிடம் நமக்கு அன்பு குறைவதில்லை. ஆபத்து எள்ளலில்தான் இருக்கிறது. எள்ளல் இருமுனைக் கத்தி. தன்னைவிட வலியவனை எள்ளினால் அது வீரம். தனக்குச் சமமானவனை எள்ளினால் விளையாட்டு. தன்னைவிட எளியவரை எள்ளினால் கொடுமை.

‘களவாணி’யின் குற்றமும் இங்கேதான் இருக்கிறது. சாலையில் போகும் பெண்களை வழிமறித்து, தன்னைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னால்தான் வழிவிடுவேன் என்று கதாநாயகன் அடம்பிடிக்கிறான். பயந்த பெண் சொல்லிவிட்டு ஓடுகிறாள், கொட்டகை சிரிக்கிறது. அந்தப் பெண் அன்று வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பாள்? அநேகமாக ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள். சொன்னால் மறுநாள் முதல் படிப்பு நின்றுவிடும் என்ற பயம் கிராமத்துப் பெண்ணுக்கு உண்டு. கல்லூரிக்குப் போக வேண்டிய ஒருத்தி அடுப்படியில் உட்கார்ந்துவிடுவதற்கு வழிமறித்த அந்த ஒரு நிமிஷம் போதும். படம் அதை ஒரு குறும்பாக எண்ணி மேலே சென்றுவிடுகிறது. அவ்வாறே பஞ்சாயத்து என்ற பாத்திரத்தைச் சிநேகிதர் கூட்டம் ஓயாமல் ஏமாற்றி அல்லற்படுத்துவதும் சில இடங்களில் வேடிக்கையின் எல்லையைத் தாண்டுகிறது. குடியைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. சிநேகம் என்றால் சாராயப் புட்டியைச் சுற்றி உட்காருவது என்றே இவ்வகைப் படங்கள் வியாக்கியானம் செய்துவிட்டன. மதுவிலக்குக்காகக் கள்ளுக்கடை மறியல் செய்து சிறை புகுந்த தொண்டர்கள் வாழ்ந்த ஜில்லா இது என்பதை வாலிபர்களுக்கு யாரேனும் நினைவூட்ட வேண்டும்.

இவ்வளவும் சொன்னதனால் கொச்சையான ஹாஸ்யமே கூடாது என்பது நமது கக்ஷி என்று நினைக்க வேண்டாம். அது தமிழர் சரித்திரம் அறியாதவர் பேச்சு. நடவு நடும் பெண்கள் வரப்பில் நிற்கும் ஆண்பிள்ளையைப் பாட்டிலே கிழித்துத் தொங்கவிடுவதை நம் வயல்கள் கேட்டிருக்கின்றன. தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜா வேஷக்காரனையே கேலி செய்கிறான். சிநேகிதர் இருவர் சேர்ந்து சிரிப்பு மூட்டும் கதையும் நமக்கு மேனாட்டிலிருந்து வந்ததன்று. திருக்குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் பறவை பிடிக்க வருகிறான். கூடவே நூவன் என்ற தோழன் வருகிறான். சிங்கியின் நினைவில் சிங்கன் வேலையை மறந்து நிற்பதும், நூவன் அவனைக் கேலி பேசுவதும் அசல் சிநேகிதர் ஹாஸ்யம் அல்லவா? அதில் சிருங்காரம் இல்லாமலும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலிலேயே சரபேந்திர பூபாலக் குறவஞ்சி ஆடப்பட்டு வந்ததை நேயர்கள் அறிவார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கன் கடைசியில் சிங்கியைக் கண்டுபிடித்து, காலில் இது என்ன, கையில் இது என்ன என்று சந்தேகத்தோடு கேள்விமேல் கேள்வி கேட்கிறான். சிங்கி வாய்மூடி நிற்கிறாளா? ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லுகிறாள். தான் குறி சொல்லிச் சம்பாதித்த சிலம்பையும் வளையையும் பெருமையோடு காட்டுகிறாள். நடவுப் பாட்டிலும் அப்படியே. ஆண் ஒன்று சொன்னால் பெண் இரண்டு சொல்லுவாள். பேச்சுக் கொச்சையாக இருக்கலாம். ஆனால் அங்கே இரண்டு வாய்கள் இருக்கின்றன. பதில் சொல்லத் தெரிந்தவளிடம் பேசும் கொச்சை ஹாஸ்யம். பதில் சொல்ல இயலாதவளிடம் பேசும் கொச்சை ஹிம்சை. இதுவே நாம் கண்ட அளவுகோல்.

நமது சினிமாவும் இதை அறியாததன்று. 1941-ஆம் வருஷம் வெளிவந்த ‘சபாபதி’யைப் பாருங்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஏ. வி. மெய்யப்பன் படமாக்கியது. எஜமானனுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். எஜமான சபாபதியாக டி. ஆர். ராமச்சந்திரனும் வேலைக்கார சபாபதியாகக் காளி என். ரத்தினமும் நடித்தார்கள். இருவருமே அசடர்கள். சிரிப்பு முழுவதும் அவர்கள் மேலேயே விழுகிறது. காளி என். ரத்தினத்துக்கு எதிர்வேஷம் போட்ட சி. டி. ராஜகாந்தம் வாயடங்கிய பெண் அல்லள். என். எஸ். கிருஷ்ணன் பேசினால் ஸ்ரீரங்கத்தில் பிறந்த டி. ஏ. மதுரம் எதிர்பேசுவார், பல இடங்களில் வெற்றி மதுரத்துக்கே. அறுபது வருஷம் கழித்து, அதே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ஒருவரின் சம்பாஷணையோடு வந்த ‘பாய்ஸ்’ படத்தில் முகம் தெரியாத அந்தப் பெண்களுக்குப் பேச்சே இல்லாமற் போயிற்று. கருவிகள் வளர்ந்தன, காமிராக்கள் பெருகின, பெண்ணின் வாய் மாத்திரம் சிறுத்துவிட்டது.

நிற்க. சர்க்கார் என்ன செய்கிறது, தணிக்கை எதற்காக இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். சட்டம் பயின்ற எவரும் இக்கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லமாட்டார். இந்நாட்டில் சினிமாத் தணிக்கையைச் சட்டமாக்கியது 1918-இல் வெள்ளைக்காரச் சர்க்கார். அவர்களுக்குப் பயம் ஆபாசத்தைக் கண்டன்று, தேசபக்தியைக் கண்டே. பாபநாசத்துக் கே. சுப்பிரமணியம், கல்கியின் கதையைக் கொண்டு 1939-இல் எடுத்த ‘தியாகபூமி’ ஓடிக்கொண்டிருந்தபோதே தடை செய்யப்பட்டதை நமது ஜில்லா மறக்கலாகாது. தடை செய்யும் கத்தியை ஒருமுறை சர்க்காரிடம் கொடுத்தால் அது எந்தக் கழுத்தைத் தேடும் என்று சொல்ல இயலாது.

சுதந்தர இந்தியாவின் 1952-ஆம் வருஷச் சட்டமும் தணிக்கையை வைத்துக்கொண்டது. 1970-இல் அப்பாஸ் என்பார் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் பிரதம நீதிபதி ஹிதயதுல்லா, ஆண்பெண் உறவைச் சொல்வது எல்லாமே ஆபாசமாகிவிடாது என்பதையும் அத்தீர்ப்பிலேயே தெளிவாக்கினார். 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில், இங்கிலாந்தின் 1868-ஆம் வருஷத்து ஹிக்லின் அளவுகோலைக் கைவிட்டு, சமூகத்தின் இக்காலத்து மதிப்பையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று அதே கோர்ட்டு கூறிற்று. 1983 முதல் ‘யு’வுக்கும் ‘ஏ’வுக்கும் நடுவே ‘யு/ஏ’ என்ற வகுப்பு உண்டாயிற்று. 2023-ஆம் வருஷத் திருத்தத்தால் அதுவும் வயதுவாரியாக மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இவையெல்லாம் நல்லவையே. எனினும் எவ்வளவு தோல் தெரிகிறது, எந்தச் சொல் வருகிறது, பார்ப்பவனுக்கு வயது என்ன என்று கணக்கிடத்தான் சட்டத்துக்குத் தெரியும். யார் செலவில் சிரிக்கிறோம் என்ற கேள்வி சட்டப் புஸ்தகத்தில் கிடையாது. வழிமறிக்கும் காட்சியில் வெட்டுவதற்கு ஒரு ஆபாசச் சொல்கூட இல்லையே! தணிக்கையாளர் என்ன செய்வார்?

மற்றொரு சட்டத்தையும் பாருங்கள். சென்னையில் வாலிபர்களின் தொல்லையால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்ததன் பின்னர், 1998-இல் பெண்களைத் தொல்லை செய்வதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே பிறந்தது. அதற்கு ஐந்து வருஷம் கழித்து ‘பாய்ஸ்’. பன்னிரண்டு வருஷம் கழித்து ‘களவாணி’. வெளியே குற்றம் என்று சட்டம் சொல்லும் காரியம் கொட்டகைக்குள்ளே கதாநாயகனுடைய குறும்பாகிவிடுகிறது. பையன் எதை நம்புவான்? சட்டத்தை அவன் படித்ததில்லை. படத்தை நாலு தடவை பார்த்திருக்கிறான்.

குணமும் குற்றமும் பிரித்துச் சொல்லாமல் விட்டதன் பலன் என்ன ஆயிற்று? 2018-இல் சந்தோஷ் பி. ஜெயகுமார் டைரக்ட் செய்த ‘இருட்டு அறையில் முரட்டு குத்து’ என்ற படம் ‘ஏ’ முத்திரையோடு வந்தது. இதிலும் சிநேகிதர்கள் உண்டு, பெண்கள் உண்டு, பேய்கூட உண்டு. ‘பாய்ஸ்’ படத்தில் இருந்த பசியும் உழைப்பும் இதில் இல்லை. ‘களவாணி’யில் இருந்த மண்ணும் தாயும் இல்லை. குணங்களைக் கழித்துவிட்டுக் குற்றங்களை மாத்திரம் வைத்து வியாபாரம் செய்தார்கள், கூட்டமும் வந்தது. 2020-இல் அதன் தொடர்ச்சிப் படத்தின் விளம்பரத்தைக் கண்டு டைரக்டர் பாரதிராஜா பகிரங்கமாகக் கண்டனம் தெரிவித்தார். ஆயினும் அவ்வருஷம் தீபாவளிக்குப் படம் வெளிவரவே செய்தது. கண்டன அறிக்கையால் நிற்கக்கூடிய வியாபாரம் அன்று இது. டிக்கட் வாங்குகிறவன் கையில்தான் இதன் உயிர்நிலை இருக்கிறது. டிக்கட் வாங்குகிறவர்களிற் பெரும்பாலோர் நம்மைப் போன்ற ஆண்பிள்ளைகள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஆகவே செய்ய வேண்டியது யாது? அரசியல் தொண்டர்கள் இதைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்குகிறார்கள். காவேரித் தண்ணீருக்கு மறியல் செய்கிறோம், நெல் விலைக்குக் கூட்டம் போடுகிறோம், நடுவே சினிமாப் பேச்சா என்கிறார்கள். பாதி ஜனங்கள் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க இயலாத ஊரில் சுயராஜ்யம் யாருக்கு வந்தது என்று நாம் கேட்கிறோம். வாசகசாலையிலும் டீக்கடையிலும் பட்டியலிட்டுப் படங்களைத் தாக்க வேண்டாம், பார்த்துவிட்டுப் பேசுங்கள். இக்காட்சியில் சிரித்தோமே, யாரைப் பார்த்துச் சிரித்தோம், அவர் பதில் சொல்ல முடிந்ததா என்ற ஒரே கேள்வியைக் கேட்கப் பழகுங்கள். வீட்டிலுள்ள பெண்களையும் அப்பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் காட்சியில் அவர்கள் சிரிக்கவில்லை என்று கேட்டறியுங்கள். ரயிலடியில் ஒருவன் பெண்ணை வழிமறித்தால், போலீஸ் வரட்டும் என்று காத்திராமல், அவனுடைய சிநேகிதனே அவன் தோளைப் பிடித்து இழுத்துவரட்டும். சிநேகத்துக்கு அதைவிட உயர்ந்த காரியம் எந்தப் படத்திலும் காட்டப்படவில்லை.

படமெடுப்போருக்கும் ஒரு வார்த்தை. வாலிபர்களின் கொச்சையை எடுங்கள், அவர்கள் அசட்டுத்தனத்தை எடுங்கள், ஆசையையும் எடுங்கள். நாம் முகம் சுளிக்கப்போவதில்லை. அன்னவெறி கண்ணையனைப் போல் பத்துப் பேரைக் கொண்டுவாருங்கள். ஆவணிக்குக் காத்திருக்கும் தாயைப் போல் நூறு பேரைக் கொண்டுவாருங்கள். ஆனால் வழிமறிக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கும் ஒரு வரி சம்பாஷணை எழுதுங்கள். அவள் பதில் சொல்லட்டும். அந்தப் பதிலைக் கேட்டுக் கொட்டகை சிரிக்கட்டும். அன்றைக்குச் சிரிக்கும் சிரிப்பில் ஆபாசம் என்று எவரும் குறை சொல்ல இடமிராது.